கரன்ட் போனாலும் கிளம்ப வேண்டும்: ஏற்காட்டுப் பெட்டிக்கு எந்த பூட் முறை?

“தம்பி, திரையில பேனிக்னு போட்டிருக்குது. நாம பயப்படணுமா?”

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் பெரியப்பாவின் காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருக்கும் அண்ணன், காலை ஏழு மணிக்குப் போன் செய்து கேட்டது இது. முந்தின நாள் சாயந்திரம் சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக அப்டேட் ஓட்டிக்கொண்டிருந்தேன். லினக்ஸின் மையமான கெர்னல் புதிதாக இறங்கி, பூட் கோப்புகள் எழுதப்படும் நேரம் பார்த்து இணைப்பு அறுந்தது. மலையில் மழை, கரன்ட் போய்விட்டது. யூபிஎஸ் இருக்கிறது. அதன் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது என்பது எனக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும்.

பயப்பட வேண்டியவன் நான்தான். கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டால் திரையில் வரும் சொல் அது. பைக்கை எடுத்துக்கொண்டு அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பனிமூட்டத்தில் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். பையில் ஒரு பென் டிரைவ். அதிலிருந்து பூட் செய்து, உள்ளே நுழைந்து, பாதியில் நின்றுபோன கோப்பை மறுபடி உருவாக்கச் சொன்னேன். அண்ணன் காப்பி கலந்து கொண்டுவருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அதுவே காதில் கேட்டது. இனி இப்படி ஏறக்கூடாது என்றால் அந்தப் பெட்டி எந்த முறையில் பூட் ஆக வேண்டும்? இரண்டு மூன்று வாரம் வீட்டில் ஒரு பழைய மெஷினை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையையும் போட்டு உடைத்துப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி. 2013 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப். 4 ஜிபி ராம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டிருக்கிறோம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, இந்த போர்டில் அது கிடையாது. அதனால் நான் ஆர்ச் என்ற லினக்ஸ் வகையைப் போட்டுக் கொடுத்தேன். பழம் பறிக்கிறவர்களின் கிலோக் கணக்கு, வாரக் கூலி, மழை அளவு, பில் பிரின்ட் எடுப்பது, அவ்வளவுதான் வேலை. ஒரே டிஸ்க், சிஸ்டம் முழுவதும் இருக்கும் ஒரே ரூட் பார்ட்டிஷன், அதில் எக்ஸ்ட்4 என்ற ஃபைல்சிஸ்டம். என்கிரிப்ஷன் இல்லை, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு இல்லை. இதைவிடச் சாதாரணமான கம்ப்யூட்டர் இருக்க முடியாது. அது பூட் ஆவதற்கு மட்டும் ஏன் இத்தனை சடங்கு?

ஏன் ஆர்ச் என்று கேட்பீர்கள். கல்லூரி நாளில், 2009-இல், அதைத்தான் முதலில் போட்டேன். அப்போது சிஸ்டம் முழுவதும் ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே கோப்பில் அடங்கிவிடும். கம்ப்யூட்டரின் பெயர், நேர மண்டலம், நெட்வொர்க், லோடு ஆக வேண்டிய டிரைவர் மாட்யூல்கள், எல்லாம் அதில். கடைசியில் டீமன்ஸ் என்று ஒரு வரி. எந்தெந்தச் சேவை எந்த வரிசையில் கிளம்ப வேண்டும் என்பது அந்த அடைப்புக்குறிக்குள். பெயருக்கு முன்னால் @ போட்டால் பின்னணியில் கிளம்பும், ! போட்டால் கிளம்பாது. விடுதி அறையில் பக்கத்துப் பையனுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்தேன். 2012-இல் அந்தக் கோப்பு பிரிந்து பல கோப்புகளாகி, அந்த ஆண்டு அக்டோபரில் புது இன்ஸ்டால்களில் சேவைகளைக் கிளப்ப சிஸ்டம்டி என்ற நிரல் இயல்பாகிவிட்டது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஆனால் வருத்தம் வேறு, காரணம் வேறு. ஏற்காட்டில் பெட்டி படுத்ததற்கு சிஸ்டம்டி காரணமே இல்லை.

காரணம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, பட்டனை அழுத்தியதிலிருந்து லாகின் வரும்வரை நடப்பதை ஒரு காகிதத்தில் எழுதினேன். மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற நிரல் முதலில் எழும். அது எஸ்எஸ்டியில் இருக்கும் இஎஸ்பி என்ற சின்ன ஃபேட் பார்ட்டிஷனைப் படிக்கும். அதில் பூட்லோடர். பூட்லோடர் தன் கான்ஃபிக் கோப்பைப் படித்து கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற மூட்டையையும் மெமரிக்கு ஏற்றும். கெர்னல் எழுந்து மூட்டையைப் பிரிக்கும். அதற்குள் ஒரு குட்டி லினக்ஸ். அது தேவையான டிரைவர்களை ஏற்றி, யூடெவ் என்ற கருவி மூலம் டிஸ்க்கைக் கண்டுபிடித்து, உண்மையான ரூட்டை மாட்டிவிட்டு, தான் விலகிக்கொள்ளும். அதன்பிறகுதான் நிஜ இனிட் (சிஸ்டம்டி போல, மற்ற எல்லாவற்றையும் கிளப்பும் முதல் நிரல்), சேவைகள், லாகின். ஒரு சிஸ்டத்தைக் கிளப்ப இன்னொரு சிஸ்டம் கிளம்புகிறது!

இனிட்ராம்எஃப்எஸ் வந்ததற்கு நியாயம் இருக்கிறது. டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் அந்த டிஸ்க்கிலேயே இருக்கிறது. பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை. எல்லா டிரைவரையும் கெர்னலுக்குள்ளேயே திணித்தால் உலகத்து போர்டுகள் அத்தனைக்கும் ஒரே கெர்னல் கொடுப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. போதாக்குறைக்கு டிஸ்க்குகள் எந்த வரிசையில் கண்ணில் படும் என்ற உறுதியும் போய்விட்டது. நேற்று எஸ்டிஏ என்ற பெயரில் இருந்தது, ஒரு யூஎஸ்பி டிரைவ் செருகியிருந்தால் இன்று எஸ்டிபி ஆகலாம். அதனால் பெயரை விட்டுவிட்டு யூயூஐடி என்ற அடையாள எண்ணை வைத்துத் தேடுகிறோம். ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடியைக் கெர்னல் தானாகப் படிக்காது, அதற்கு கெர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு கருவி வேண்டும், அந்தக் கருவி இருக்க இடம் வேண்டும். ஒன்றைத் தொட்டு ஒன்று. 2009-இல் என் விடுதி அறைப் பெட்டியிலும் இந்த மூட்டை இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உடையாத வரை யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படியானால் எனக்கு எரிச்சல் எதில்? இந்தச் சங்கிலியில் பூட்லோடரின் கான்ஃபிக், மூட்டை என்ற இரண்டு கண்ணிகள் நான் எழுதியவை அல்ல, என் மெஷினிலேயே கருவிகள் உருவாக்குபவை. அவை எழுதப்படும் இடம் ஃபேட் பார்ட்டிஷன், அதில் ஜர்னலிங், அதாவது பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்ய உதவும் குறிப்பேடு, கிடையாது. பாதி எழுதும்போது கரன்ட் போனால் பாதிக் கோப்புதான். போதாததற்கு அந்தப் பார்ட்டிஷன் பழைய விண்டோஸ் விட்டுச்சென்றது, 100 எம்பி. அதில் கெர்னலும் மூட்டையும் வைத்தால் தட்டுவடை செட்டில் மூன்றாவது வடையைத் திணித்த மாதிரி. இடம் பற்றாமல் நின்றாலும் அதே பாதிக் கோப்பு. எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆர்ச் புது கெர்னலைப் பழைய கெர்னலின் பெயரிலேயே அதன் மேல் எழுதுகிறது. பழையது போய்விடும். புதியது கெட்டால் திரும்பிப் போக இடமில்லை.

சரி, இனி ஒவ்வொன்றாக.

க்ரப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்த பூட்லோடர், அதுதான் அதன் பலமும் தொல்லையும். யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் மெஷினா, பார்ட்டிஷன்களை நிர்வகிக்கும் எல்விஎம்-மா, பக்கத்தில் விண்டோஸா, எல்லாவற்றுக்கும் அதனிடம் பதில் இருக்கும். ஆனால் அதன் கான்ஃபிக் கோப்பைத் திறந்து பாருங்கள். என் வீட்டு மெஷினில் ஒரே ஒரு லினக்ஸைக் கிளப்ப நூறு வரிக்கு மேல் ஒரு ஸ்கிரிப்ட். மேலேயே ‘இதைத் திருத்தாதே’ என்று எழுதியிருக்கும். திருத்த வேண்டியது வேறு கோப்பு, அதைத் திருத்திவிட்டு இதை உருவாக்கச் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். க்ரப் பேக்கேஜ் புதுப்பிக்கப்பட்டது, கான்ஃபிக் கோப்பு புது முறைப்படி மறுபடி உருவானது, ஆனால் இஎஸ்பியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த க்ரப் பழையது. புதுக் கோப்பில் இருந்த ஒரு கட்டளையின் விருப்பம் பழைய க்ரப்புக்குப் புரியவில்லை. ஆர்ச்சிலும் அதிலிருந்து வந்த சில டிஸ்ட்ரோக்களிலும் (லினக்ஸ் வகைகளிலும்) பலருடைய மெஷின்கள் பூட் ஆகாமல் மதர்போர்டு செட்டிங்ஸ் திரைக்கே திரும்பத் திரும்பப் போய்நின்றன. யாருடைய ஹார்டுவேரிலும் கோளாறு இல்லை. ஒரே கருவியின் இரண்டு பாதிகள் வெவ்வேறு காலத்தில் நின்றுகொண்டிருந்தன. என் பெட்டிக்கு எல்விஎம் இல்லை, விண்டோஸ் இல்லை. க்ரப்பின் திறமைக்கு இங்கே வேலையே இல்லை.

அடுத்து, மனசுக்கு மிகவும் பிடித்த வழி. மூட்டையையும் பூட்லோடரையும் இரண்டையும் தூக்கிவிடுவது. 2012-இல் வந்த 3.3 கெர்னலிலிருந்தே கெர்னல் கோப்பு தானே ஒரு யூஇஎஃப்ஐ நிரலாக நடந்துகொள்ள முடியும். மதர்போர்டு நேராக கெர்னலையே எழுப்பலாம், நடுவில் ஆள் வேண்டாம். மூட்டை வேண்டாம் என்றால் கெர்னலை நாமே கம்பைல் செய்ய, அதாவது மூலநிரலிலிருந்து கட்ட வேண்டும். சாட்டா டிரைவர், டிஸ்க் டிரைவர், எக்ஸ்ட்4, மூன்றையும் மாட்யூலாக, அதாவது தனிக் கோப்பாக விடாமல் உள்ளேயே கட்டிவிட்டால் போதும். ஃபைல்சிஸ்டம் யூயூஐடி கெர்னலுக்குத் தெரியாது என்றேன் அல்லவா, ஆனால் பார்ட்டிஷன் டேபிளில் இருக்கும் பார்ட்யூயூஐடி அதற்குத் தெரியும். அதைக் கொடுத்தால் யூஎஸ்பி டிரைவ் செருகியிருந்தாலும் ரூட்டைச் சரியாகப் பிடித்துவிடும். கெர்னலுக்குக் கொடுக்க வேண்டிய வரியையும் உள்ளேயே கட்டிவிடலாம். கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு கோப்பு.

வீட்டு மெஷினில் இதைச் செய்த ராத்திரியை மறக்க மாட்டேன். முதல் முயற்சியில் அதே பேனிக், ரூட்டை மாட்ட முடியவில்லை, அன்னோன் பிளாக், அடைப்புக்குறிக்குள் இரண்டு சுழியம். இரண்டு சுழியம் என்றால் கெர்னலுக்கு அந்த டிஸ்க்கே தென்படவில்லை என்று பொருள் கொள்ளலாம். சாட்டா டிரைவர் உள்ளே இருந்தது, ஆனால் டிஸ்க் டிரைவரை மாட்யூலாகவே விட்டுவிட்டேன். திருத்தி மறுபடி கம்பைல். இந்த முறை எழுத்துகள் சரசரவென்று ஓடி, நான் கண் சிமிட்டுவதற்குள் லாகின். ஒரு தயாரிப்பும் இல்லாமல் நேராக வீட்டுக்குள் நுழைகிற சொந்தக்காரர் மாதிரி. எந்த வேகத்தையும் நான் அளக்கவில்லை. அளக்கத் தோன்றவும் இல்லை.

இதில் இரண்டு முள். ஒன்று, மதர்போர்டின் நினைவு. எந்தக் கோப்பை பூட் செய்ய வேண்டும் என்ற பதிவை யூஇஎஃப்ஐ தன்னிடம் வைத்துக்கொள்கிறது. சில பழைய போர்டுகள் செட்டிங்ஸ் ரீசெட் ஆனால் அதை மறந்துவிடும். இதற்கு மருந்து உண்டு. இஎஸ்பியில் இஎஃப்ஐ, அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதில் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற பெயரில் கெர்னலை வைத்துவிட்டால், பதிவே இல்லாவிட்டாலும் போர்டு கடைசியாக அங்கே வந்து பார்க்கும். இரண்டாவது முள்தான் ஆழமானது. அந்த கெர்னலுக்கு இனி நான்தான் பொறுப்பு. பாதுகாப்புத் திருத்தம் வரும் ஒவ்வொரு முறையும் கம்பைல், மேலே ஏற்றுவது, சோதிப்பது. இரண்டு மாதம் செய்வேன். மூன்றாவது மாதம் மறந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதோடு மைக்ரோகோடு என்ற ப்ராசசர் உள்நிரலின் அப்டேட்டும் வழக்கமாக அந்த மூட்டையோடு சேர்ந்துதான் வரும். மூட்டை இல்லை என்றால் அதையும் கெர்னலுக்குள் கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, கையெழுத்திட்டு, கையெழுத்தில்லாததை ஓடவிடாத செக்யூர் பூட்டோடு ஓட்டும் யூகேஐ முறையையும் பார்த்தேன். பேருந்தில் தொலைந்துபோகக்கூடிய லேப்டாப்புக்கு நல்ல யோசனை. காப்பிக் கொட்டை மூட்டைகளுக்கு நடுவில் இருக்கும் கணக்குப் பெட்டியை யாரும் பூட்லோடர் மாற்றி உளவு பார்க்கப் போவதில்லை. விட்டேன்.

இனிட்டையே மாற்றினால் என்ன என்ற பேச்சு இங்கேதான் வரும். இதில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பேனிக் சம்பவத்துக்கு முன்பே, போன பறிப்புப் பருவத்தில், அந்தப் பெட்டி இன்னொரு முறை படுத்தது. பேக்கப் எடுக்க ஒரு யூஎஸ்பி டிரைவ் எப்போதும் செருகியிருக்கும். பெரியப்பா அதை ஏதோ கல்யாண வீடியோ பார்க்க வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அடுத்த நாள் பெட்டியைப் போட்டால், ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி, பக்கத்தில் 1 நிமிடம் 30 விநாடி என்று ஓடும் கணக்கு. முடிந்ததும் எமர்ஜென்சி மோடு. ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது, உள்ளே விட முடியாது என்று இன்னொரு வரி. கூலி நாள். அண்ணன் நோட்டில் எழுதி எல்லாருக்கும் கூலி கொடுத்துவிட்டார், கம்ப்யூட்டர் இல்லாமல் அரை மணி நேரம் சீக்கிரமே முடிந்ததாகவும் சொன்னார்.

சிஸ்டம்டியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பேக்கப் டிரைவ் இல்லை என்பதற்காக யாராவது வீட்டுக் கதவையே திறக்காமல் இருப்பார்களா? பிறகு, எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிரைவின் வரியில் நோஃபெயில் என்ற ஒரு சொல்லை நான் எழுதவில்லை என்பது தெரிந்தது. அந்தச் சொல் இருந்தால் டிரைவ் இல்லாவிட்டாலும் பூட் நிற்காது. கோபம் தணியாமல், சிஸ்டம்டி இல்லாத வாய்ட் லினக்ஸை இறக்கி, ரன்இட் என்ற அதன் எளிமையான இனிட்டில் அதே தவறை வேண்டுமென்றே செய்து பார்த்தேன். அங்கேயும் அவசர ஷெல்தான்! 90 விநாடி காக்கவைக்கவில்லை, அவ்வளவே வித்தியாசம். இன்னொன்றும் உண்டு: ஏன் நின்றது என்று பார்க்க அதன் ஷெல் ஸ்கிரிப்டைத் திறந்தால், மவுண்ட் தோற்றால் அவசர ஷெல் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறது. படித்தால் புரிகிறது. சிஸ்டம்டியில் அதே விஷயம் எஃப்எஸ்டேப்பைப் படித்துத் தானாக உருவாகும் யூனிட் என்ற கோப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

வாய்ட் எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்று கட்டங்கள், ஒவ்வொரு சேவைக்கும் ஒரு ஃபோல்டர், அதை இணைத்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். ஆர்சி.கான்ஃப் நாட்களின் வாசனை அதில் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது அதுவும் க்ரப்பையும் டிராகட் என்ற கருவி உருவாக்கும் மூட்டையையும்தான் போடுகிறது. இனிட்டை மாற்றினால் சங்கிலியின் கடைசிக் கண்ணி மாறும். என் பெட்டி உடைந்தது நடுக் கண்ணியில். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு பத்து வருடமாக நானே பேசியிருக்கிறேன்.

ஸ்லாக்வேர் என்ற டிஸ்ட்ரோ வேறு விதம். 1993-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் கிழவர். 2022-இல் வந்த அதன் 15.0 பதிப்பில் ஹியூஜ் என்று ஒரு கெர்னல் கொடுக்கிறார்கள், டிரைவர்களை உள்ளேயே கட்டியது, மூட்டை இல்லாமல் கிளம்பும். எனக்கு வேண்டியது அதுவேதான். ஆனால் லிப்ரே ஆஃபீஸ் அதன் அதிகாரபூர்வத் தொகுப்பில் இல்லை, ஒரு பேக்கேஜுக்கு வேறு எது தேவை என்பதையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணனின் பில் படிவம் லிப்ரே ஆஃபீஸில் இருக்கிறது. லினக்ஸை முழுக்கக் கையால் கட்டக் கற்றுத்தரும் லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்? அதன் அடிப்படைப் புத்தகத்தில் மூட்டையே கிடையாது, கெர்னல் நேராக ரூட்டை மாட்டும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, ஆனால் அதற்கு அப்டேட் என்பதே மறுபடி நாம் கட்டுவதுதான். ஜென்டூ 2023 டிசம்பரிலிருந்து கட்டிய பேக்கேஜ்களையும் கொடுக்கிறது, முன்புபோல ராத்திரி முழுக்கக் கம்பைல் ஓட வேண்டாம். இருந்தாலும் 4 ஜிபி பெட்டிக்கு அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

டெபியனை நியாயமாகப் பார்க்க வேண்டும். என் தங்கை முதலிலேயே கேட்டாள்: “அண்ணா, ஊர்ல எல்லாரும் போடுறதைப் போட்டா என்ன?” டெபியனில் க்ரப், மூட்டை, சிஸ்டம்டி எல்லாமே உண்டு. நான் குறை சொல்லும் எதுவும் அங்கே குறையவில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் அது ஆர்ச்சை மண்ணைக் கவ்வ வைக்கிறது. ஒன்று, நிலையான வெளியீட்டில் கெர்னல் வரிசை அடிக்கடி தாவாது. ஆர்ச்சில் வாரத்துக்கு வாரம் ஏதாவது வரும், ஒவ்வொரு வரவும் அந்தக் கண்ணிகளை மறுபடி எழுதும். இரண்டாவது, டெபியன் புது கெர்னலைப் பதிப்பு எண்ணோடு தனிப் பெயரில் வைக்கிறது, பழையதை உடனே அழிப்பதில்லை. அன்று கரன்ட் போனபோது அது டெபியனாக இருந்திருந்தால், மெனுவில் ஒரு வரி கீழே போய் எண்டர் தட்டச் சொல்லியிருப்பேன். போனிலேயே முடிந்திருக்கும். சங்கிலியின் நீளம் அல்ல என் நோய், ஸ்டெப்னி இல்லாமல் மலை ஏறியதுதான் என்பது இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

உங்கள் ஊரில், உங்கள் பெரியப்பாவுக்கு, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் ஓட வேண்டிய பெட்டி என்றால் டெபியன் போடுங்கள். நான் வேலை மாறி சேலத்தை விட்டுப் போகும் நாள் வந்தால் நானும் அதைத்தான் போட்டுவிட்டுப் போவேன். இப்போது மாற்றவில்லை. பறிப்புப் பருவம் நடக்கிறது, பிரின்டரும் கணக்குப் படிவமும் பழகிய இடத்தில் இருக்கின்றன. என் வீட்டு மெஷினும் அதுவும் ஒரே மாதிரி இருந்தால்தான் போனில் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்ல முடியும். அதனால் ஆர்ச்சை வைத்துக்கொண்டே ஸ்டெப்னி மாட்டினேன்.

க்ரப்பை எடுத்துவிட்டு சிஸ்டம்டி-பூட் என்ற பூட்லோடர். கம்மிபூட் என்ற பெயரில் தனியாக இருந்தது, 2015-இல் சிஸ்டம்டிக்குள் சேர்ந்தது. ஆமாம், இத்தனை நேரம் திட்டிய அதே கூட்டத்தின் பிள்ளைதான். யூஇஎஃப்ஐ மெஷினில் மட்டும் ஓடும், ஃபேட் பார்ட்டிஷனை மட்டும் படிக்கும், ஒரு மெனு காட்டும், சொன்ன கெர்னலை எழுப்பும். ஒவ்வொரு கெர்னலுக்கும் நான்கைந்து வரியில் ஒரு கோப்பு, கையால் எழுதலாம், கையால் எழுதியதை யாரும் மேலே வந்து அழிப்பதில்லை. இஎஸ்பியை அழித்து 1 ஜிபிக்கு மறுபடி உருவாக்கினேன். அதில் இரண்டு கெர்னல்கள். ஒன்று ஆர்ச் கொடுக்கும் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) கெர்னல், மூட்டையோடு, அப்டேட்டில் மாறுவது. இன்னொன்று வீட்டில் நான் கட்டிய மூட்டையில்லாக் கெர்னல். தேவையான டிரைவர்கள் எல்லாம் அதன் வயிற்றுக்குள், எந்த அப்டேட்டும் அதைத் தொடாது. அதில் தினமும் ஓட மாட்டேன் என்பதால் பழசாகிவிடுமே என்ற கவலையும் இல்லை. ஸ்டெப்னியில் யாரும் ஊர் சுற்றுவதில்லையே.

மெனுவில் கீழே போய்த் தேர்ந்தெடுக்கச் சொல்வதையும் தவிர்க்க ஒரு வசதி இதில் இருக்கிறது. எல்டிஎஸ் கெர்னலுக்கான அந்த நான்கைந்து வரிக் கோப்பின் பெயர் முடிவில் +3 என்று ஒட்டினால், அதை மூன்று முறை முயன்று பார் என்று பொருள். ஒவ்வொரு முயற்சிக்கும் எண் ஒன்று குறையும். சிஸ்டம் நன்றாக எழுந்துவிட்டால் எண் அழிந்து பெயர் பழையபடி ஆகிவிடும். மூன்றும் தீர்ந்தால் அந்தக் கெர்னல் மெனுவின் அடிக்குப் போய்விடும், அடுத்ததாக ஸ்டெப்னி கிளம்பும். ஒருமுறை தேறியபின் எண் இல்லை என்பதால், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மறுபடி ஒட்ட வேண்டும். அதற்கு ஆர்ச்சின் அப்டேட் கருவியான பேக்மேனில் ஒரு சின்ன ஹூக் (தானாக ஓடும் கட்டளை) எழுதினேன். அது அப்டேட் முடிந்தபின் அல்ல, தொடங்குமுன் ஓட வேண்டும். முதலில் இதைத் தலைகீழாக எழுதியிருந்தேன். வீட்டில் பாதி அப்டேட்டில் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான், எண் ஒட்டுவதற்கு முன்பே கரன்ட் போனால் ஹூக் எதற்கு என்பது புரிந்தது. கெர்னலுக்கான வரியில் பேனிக் என்ற சொல்லோடு 10 என்றும் சேர்த்தேன். பேனிக் ஆனால் பத்து விநாடி காத்துவிட்டுத் தானே ரீபூட் ஆகும். எஃப்எஸ்டேப்பில் நோஃபெயில். ரூட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு, ஆபீஸ் சுவரில் காலண்டருக்குப் பின்னால் பென்சிலில்.

போன வாரம் மேலே போய் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, அண்ணனை உட்காரவைத்து, ஓடிக்கொண்டிருந்த அப்டேட்டின் நடுவில் நானே சுவிட்சை அணைத்தேன். ஐயோ என்றார். பெட்டியை மறுபடி போட்டோம். பேனிக், பத்து விநாடி, தானே ரீபூட். மறுபடி பேனிக். மூன்றாவது முறையும் அதே. நான்காவதில் ஸ்டெப்னி கிளம்பி லாகின் திரை வந்தது.

“இது நின்னா நான் என்ன பண்ணணும் தம்பி?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம்ணா. தானா வரலைன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. மூணு தடவை.”

“அதைத்தானே எப்பவும் பண்றேன்” என்றார்.

யூபிஎஸ் பேட்டரியை பெரியப்பா இன்னும் மாற்றவில்லை.